தீட்டுக் குழாய்

தளவாய்மேடு நகராட்சித் தலைவி ஆவுடைக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும். அன்று காலை வித்யாசாகர் அவளுடைய அறைக்குள் வந்து, கேட்காமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததிலிருந்து அது சிவந்தபடியே இருந்தது.

வித்யாசாகர் அமுதவாரி நிறுவனத்தின் மண்டல அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை, வாய் நிறைய மரியாதை. ஊருக்குத் தண்ணீர் விடும் பொறுப்பை அந்த நிறுவனம் முந்தைய மன்றத்திடமிருந்து குத்தகைக்கு வாங்கியிருந்தது. ஆற்றங்கரைக்கு வேலி போட்டது. தெருத்தெருவாகப் புதுக்குழாய் நட்டது. இப்போது தண்ணீர் மட்டும் போதாதாம். ஊரே வேண்டுமாம்.

"கையெழுத்துப் போட்டுடுங்க மேடம். விருப்ப ஒப்படைப்புன்னா உங்களுக்கும் மரியாதையா இருக்கும். ஆலோசனைக் குழுத் தலைவர்னு ஒரு பதவி தர்றோம். கார் உண்டு."

"எதை ஒப்படைக்கச் சொல்லுதீய? எங்கப்பன் சம்பாதிச்சு என் பேர்ல எழுதி வச்ச ஊரா இது?"

"சட்டம் அப்படி இருக்கே மேடம். ஒரு வருஷத்துக்குள்ள மூணு தடவை பொது அமைதி கெட்டா மன்றம் தானாவே கலையும். நிர்வாகம் சேவை நிறுவனத்துக்குப் போயிடும். உங்க ஊர்ல ரெண்டு ஆயிடுச்சு."

"மூணாவதுக்கு நாள் குறிச்சிட்டியளோ?"

குத்தலாகத்தான் கேட்டாள். ஆனால் வித்யாசாகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சிரித்தபடியே எழுந்து போனான்.

அந்தச் சட்டத்துக்கு அமைதிப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். சட்டசபையில் மதியச் சாப்பாட்டுக்கும் மாலைத் தேநீருக்கும் நடுவில் நிறைவேறியது. அக்கம்பக்கத்து ஊர்கள் ஒவ்வொன்றாக அதில் விழுந்தன. பீரங்கி வரவில்லை, பட்டாளம் வரவில்லை, தேர்தல்கூட வரவில்லை. குழாயடியில் சண்டை வந்தது. சண்டைக்குப் பின்னால் நிறுவனம் வந்தது. தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து, 'ஒரு குடம் தண்ணிக்கு அடித்துக்கொள்கிற ஜனங்களுக்கு எதற்கு ஓட்டு?' என்று கேட்டார்கள். ஆவுடையும் அதைப் பார்த்துத் தலை குனிந்திருக்கிறாள். தன் ஜனங்கள்மேல் அவளுக்கே சலிப்பு வந்திருந்தது. 

தளவாய்மேட்டில் சண்டை என்றால் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும்தான். கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஒரு தெருக்காரர் இன்னொரு தெருவில் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பழக்கமும் கிடையாது. ஆவுடை இரண்டிலும் சேராத நடுத்தெருக்காரி. தேர்தலுக்கு முன்னால் இரண்டு தெருவுக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள். அளவெடுக்கும்போது மட்டும் இரண்டும் ஒரே மாதிரிதான் மூச்சை இழுத்துப் பிடிக்கும் என்று சிரிப்பாள். போன ஆடியில் நடந்த சண்டைக்குப் பிறகு அந்தச் சிரிப்பும் போயிற்று. கீழத்தெருக் கொம்பையா எறிந்த கல், மேலத்தெரு சண்முகத்தாயின் மகன் மாரியப்பனுடைய இடது கண்ணைக் கொண்டுபோனது.

அந்தக் கொம்பையா இன்று விடியற்காலையில் நெஞ்சு வலி வந்து செத்துப்போனான். ஆவுடை வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு சாவு வீட்டில் துட்டி கேட்கப் போகலாம் என்று எழுந்தபோதுதான் பொன்சிங் வந்தான்.

பொன்சிங் அமுதவாரியின் கட்டுப்பாட்டு அறையில் மேற்பார்வையாளன். அலுவலகக் குழாயைச் சரிபார்க்க வந்தவன் மாதிரி ஸ்பேனரோடு வந்து, கதவைச் சாத்தினான்.

"அக்கா, கீழத்தெருவுக்குத் தண்ணி அடைச்சாச்சு."

"என்ன, மோட்டார் ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லக்கா. வேணும்னே." அவன் குரல் இறங்கியது. "குழாய்ல ஒரு பொம்பளைக் குரல் பேசுதுல்லா, அன்புள்ள குடும்பங்களேன்னு? அது பேச மட்டும்தான் செய்யும்னு நெனச்சியளா? கேக்கவும் செய்யும். கசிவு சத்தம் கண்டுபிடிக்கன்னு சொல்லித்தான் அந்தக் காதை வச்சாவ. இப்ப அது குடத்தை எவ்வளவு வேகமா வைக்கியன்னு கேக்கும். யாரு பேச்சை யாரு மறிக்கான்னு கேக்கும். எல்லாம் தாரைன்னு ஒரு மெஷினுக்குப் போகும். அது தெருவுக்குத் தெரு கோபத்தை அளந்து நம்பரா காட்டும்."

"அளந்து?"

"அதுக்குத் தக்கன வால்வைத் தொறக்கும், மூடும். தண்ணி வரலேன்னா ஜனங்களுக்குப் பெருசாக் கோபம் வராதுக்கா. தலையெழுத்துன்னு இருந்துருவாவ. அடுத்த தெருவுல ஓடுத சத்தம் கேக்கணும். நம்ம குடம் காலியாக் கெடக்கும்போது அவன் குடம் நிறையணும். அப்பத்தான் நம்பர் ஏறும். எந்தத் தெருவை எவ்வளவு நேரம் காயப்போட்டா கல்லெடுப்பாவன்னு தாரைக்கு அத்துபடி."

"இதை எவன்லே அதுக்குச் சொல்லிக் குடுத்தான்?"

"நாமதான். இத்தனை வருசமா குழாயடியில நின்னு கத்தினோம்லா. அது கேட்டுக்கிட்டே இருந்திருக்கு."

ஆவுடை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பங்குனியில் ஒரு சண்டை, ஆடியில் ஒரு சண்டை. இரண்டுக்கும் அவள் தன் ஜனங்களைத்தான் திட்டித் தீர்த்திருந்தாள்.

"போன ஆடியில நம்பர் தொண்ணூறைத் தாண்டுச்சு," என்றான் பொன்சிங். "அறையில எல்லாரும் கை தட்டினாவ. நானும் தட்டினேன். பெறவுதான் மாரியப்பன் கண்ணு போச்சுன்னு கேள்விப்பட்டேன். அதுக்கப்புறம் எனக்குச் சோறு எறங்கல." 

"இன்னைக்கு என்ன கணக்கு?"

"கொம்பையாவுக்கு நீர்மாலை எடுக்கணும்லா. கீழத்தெருவுல சொட்டு கிடையாது. மேலத்தெருக் குழாய்ல மட்டும் சாயந்தரம் வரைக்கும் ஓடும். அவ்வளவுதான் கணக்கு."

அதற்கு மேல் அவன் விளக்க வேண்டியிருக்கவில்லை. நீர்மாலை என்பது அந்தப் பக்கத்தில் செத்தவருக்குச் செய்கிற முதல் மரியாதை. பிணத்தைக் குளிப்பாட்டுகிற தண்ணீரை வீட்டுக்குள்ளிருந்து எடுக்க மாட்டார்கள். மகனும் அண்ணன் தம்பிகளும் சங்கும் சேகண்டியும் முழங்கப் போய், ஈர உடையோடு குடம் நிறைத்து, தலைக்கு மேல் வெள்ளை வேட்டி பிடித்துக் கொண்டுவருவார்கள். முன்பு ஆற்றுக்குப் போனார்கள். கரையை வேலி வளைத்த பிறகு, வேலி முடிகிற துறை வெகுதூரம் என்பதால், தெருக்குழாய்தான் ஆறு. அந்த நீர்மாலை இன்று மேலத்தெருவுக்குள் நுழைய வேண்டும். அதுவும் மாரியப்பன் கண்ணைக் கெடுத்தவனுக்காக, மாரியப்பன் வீட்டு வாசல் குழாய்க்கு.

"அட சண்டாளப் பாவிகளா!" ஆவுடை எழுந்துவிட்டாள். "சாவுலயுமாடா கை வைப்பிய? செத்தவன் குளிக்கிற தண்ணியிலயுமா?"

பொன்சிங் தலையைக் குனிந்துகொண்டான். வால்வைக் கையால் திறக்க முடியுமா என்று கேட்டாள். கைச்சாவிகளை எல்லாம் உருவிவிட்டார்கள் என்றான். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். 'தாரையின் பதிவு ஏதும் இருந்தால் இணைத்து அனுப்புங்கள்' என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. திருடனிடமே சாட்சி வாங்கி வரச் சொல்லுகிற நியாயத்தை அவள் அன்றுதான் பார்த்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு மேலத்தெருவுக்கு நடந்தாள்.

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வரிசையில் முதல் குடம் சண்முகத்தாயுடையது. ஆகிருதியான பொம்பளை, அவள் இடுப்பில் கை வைத்து நின்றால் அந்தப் பக்கம் பஸ்கூட யோசித்துத்தான் திரும்பும். திண்டுக்கல்லில் கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டியிருந்த மாரியப்பன் வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். சிலர் கையில் கம்பு இருந்தது.

"வாட்டி ஆவுடை," என்றாள் சண்முகத்தாய். "பஞ்சாயத்துப் பேச வந்தியோ?"

"மதினி, கொஞ்சம் காது குடுங்க."

ஆவுடை பொன்சிங் சொன்னதையெல்லாம் காதோடு காதாகச் சொன்னாள். குழாயின் காது, தாரை, கோபத்தின் நம்பர், அடைத்த வால்வு. சண்முகத்தாய் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்து, குழாயை ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி. அந்த மெஷினா வந்து என் மவன் கண்ணைக் குத்திச்சு?"

"மதினி..."

"கல்லை எடுத்தது யாரு கையி? கொம்பையா கையி. தண்ணி வரலேன்னா கண்ணைப் பாத்தா எறிவான்? எவன் அடைச்சானோ தொறந்தானோ, எனக்குத் தெரியாது. எறிஞ்சவனை எனக்குத் தெரியும்."

சண்முகத்தாய் சொன்னதில் பிழை இல்லை என்று ஆவுடைக்குத் தெரிந்தது. நிறுவனக்காரர்கள் சும்மா ஒன்றும் கணக்குப் போடவில்லை. இல்லாத நெருப்பை அவர்கள் கொண்டுவரவில்லை, இருந்த தணலை ஊதினார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

தெருமுனையில் சங்கு ஊதியது.

நீர்மாலை வந்தது. முன்னால் கொம்பையாவின் தம்பி கோயில்பிச்சை, வீட்டில் மிஞ்சிய தண்ணீரில் நனைத்த வேட்டியோடு, கையில் காலிக் குடத்தோடு. பின்னால் பங்காளிகள். அதற்குப் பின்னால், வழக்கத்தை மீறி, பெண்களும் வந்திருந்தார்கள், கொம்பையாவின் பெண்டாட்டி முப்பிடாதியையும் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு. ஆண்களை மட்டும் அனுப்பினால் வெட்டிப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். மேலத்தெருக்காரர்கள் குழாயைச் சுற்றி நெருங்கினார்கள். கம்புகள் தோளிலிருந்து கைக்கு இறங்கின.

அப்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். முனையில் ஒரு தொலைக்காட்சி வண்டியும் ஒரு போலீஸ் வண்டியும் நிற்பதை ஆவுடை அப்போதுதான் கவனித்தாள். வந்தவன் சண்முகத்தாயைப் பார்த்துக் கையை அசைத்தான்.

"அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க. சண்டை வரும்போது குழாய் தெரியணும்."

சண்முகத்தாய் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன சண்டை?"

"இப்ப வரப்போற சண்டைதாம்மா."

"வரப்போறது ஒனக்கு எப்பிடிலே தெரியும்?"

அவன் விழித்தான். "ஆபீஸ்ல சொன்னாங்க..."

"எப்ப சொன்னாவ?"

"காலையிலேயே."

சண்முகத்தாயின் முகம் கறுத்துக்கொண்டே போனது. "போன ஆடியிலயும் நீதான வந்த? என் மவன் கீழ கெடக்கும்போது, ரத்தம் தெரியுத மாதிரி மூஞ்சைத் திருப்புங்கன்னு சொன்னவன் நீதான? அன்னைக்கும் காலையிலயே சொன்னாவளாலே?"

கேமராக்காரன் பின்னால் நகர்ந்தான். அவள் அவனை விட்டுவிட்டுத் திரும்பினாள். குழாய்க்கு நேரே கோயில்பிச்சை நின்றான். அந்த நேரம் பார்த்துக் குழாய் தேன் ஒழுகப் பேசியது. "அன்புள்ள குடும்பங்களே, இது மேலத்தெருவுக்கான தண்ணீர். பிற தெருவினர் தவிர்க்கவும்."

"சீ, வாயை மூடு," என்று சண்முகத்தாய் குழாயைப் பார்த்துச் சொன்னாள். பிறகு நிறைந்து வழிந்துகொண்டிருந்த தன் குடத்தைக் காலால் தள்ளி நகர்த்தினாள். "உசுரோட வந்திருந்தான்னா செருப்பால அடிச்சிருப்பேன். பொணமா வந்திருக்கான். வாலே, வந்து தண்ணியப் புடி."

"அம்மா!" என்றான் மாரியப்பன்.

"நீ சும்மா இரு. கண்ணு போனது ஒனக்கு. பெத்து வளத்தது நான். எனக்கு வயித்தெரிச்சல் இல்லாமலா இருக்கு?" அவன் கையிலிருந்த கம்பைப் பார்த்தாள். "கம்பைக் கீழ போடு."

கோயில்பிச்சை குடத்தை வைத்தான். அது நிறைகிற சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று முப்பிடாதி சண்முகத்தாயின் காலடியில் விழுந்து, "எக்கா, எம் புருசன் செஞ்ச பாவத்துக்கு..." என்று வாய்விட்டுக் கதறினாள். சண்முகத்தாய் அவளைத் தூக்க முயன்றாள். தூக்கியவளும் அழுதாள். கொம்பையாவுக்காக அவள் அழவில்லை. ஆடி மாசத்திலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அது. ஒருத்தி அழுததும் அடுத்தவள், அப்புறம் இரண்டு தெருப் பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு மார்பில் அடித்துக்கொண்டு ஓலமிட்டார்கள். சங்கு ஊதியது. வெண்கலச் சேகண்டி கணீர் கணீர் என்று ஒலித்தது. வெள்ளை வேட்டியின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் குறைந்தபோது மேலத்தெருக்காரன் ஒருவன் போய்ப் பிடித்தான். ஆவுடை தெரு நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். ஊர் பிழைத்துவிட்டது என்று நினைத்தாள்.

சாயந்தரம், பிணம் எடுத்து முடிந்த கையோடு, கலைப்பு உத்தரவு வந்தது.

வித்யாசாகர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இப்போதும் மரியாதை குறையவில்லை. "மூணாவது கலவரம் பதிவாயிடுச்சு மேடம்."

"என்ன கலவரம்? ஒரு கல்லு விழுந்துச்சா? ஒருத்தனுக்குக் கீறல் உண்டா?"

அவன் கையகலத் திரையைத் திருப்பிக் காட்டினான். சிவப்புக் கோடு உச்சிக்கு ஏறி நின்றது. "பெருங்கூட்டம். கூச்சல். உடம்புல அடி விழுற சத்தம். உலோகத்தால தாக்குற சத்தம். தாரை தெளிவா கேட்டிருக்கு."

"அது மாரடிச்சு அழுத சத்தம்! அது சேகண்டி! அழுகைக்கும் அடிதடிக்கும் வித்தியாசம் தெரியாதாய்யா ஒங்க மெஷினுக்கு?"

"அதுக்கு அழுகையைக் கத்துக்கொடுக்கலை மேடம். தேவைப்படலை." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். "ஆனா சட்டப்படி தாரையோட பதிவே இறுதி."

"கேமரா இருந்துச்சே. அதைப் போட்டுக் காட்டு."

சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. 'தளவாய்மேட்டில் மீண்டும் மோதல்' என்ற எழுத்துக்குக் கீழே போன ஆடி மாசத்து மாரியப்பன், முகத்தில் ரத்தத்தோடு, மறுபடியும் மண்ணில் விழுந்தான்.

ஆவுடைக்கு மேசையைக் கவிழ்த்துப் போட வேண்டும் போல இருந்தது. போட்டால் அதையும் நாலாவதாக எழுதிக்கொள்வார்கள். அந்த ஊரில் இனி அழுதாலும் கலவரம், சேர்ந்து நின்றாலும் கலவரம். ஓட்டுப் போட்ட அத்தனை பேருடைய தலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறான் இந்த மடிப்புக் கலையாத சட்டைக்காரன். ஒரு கையெழுத்து இல்லை, ஒரு வாக்கெடுப்பு இல்லை. "நாசமாப் போவிய," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலையில் எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டார்கள். புதிய நிர்வாகத்தின் முதல் பரிசு என்று குழாய்கள் குழைந்து குழைந்து பேசின. வாசலில் வந்து நின்ற ஆவுடைக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. தண்ணீரைக் கண்டதும் ஊர் எல்லாவற்றையும் மறந்துவிடும், நாமும்தான் குடித்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்கு நடந்தாள்.

குழாயின் கழுத்தில் உடைமரத்து முள்ளை வெட்டிக் கட்டியிருந்தது. தண்ணீர் யாருக்கும் இல்லாமல் கொட்டி, சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குடம்கூட வரிசையில் இல்லை.

"ஏட்டி, அதைத் தொடாத." சண்முகத்தாய் பின்னால் வந்தாள். "தீட்டு."

"என்ன மதினி சொல்லுதீய?"

"பொணத்துக்குத் தண்ணி இல்லேன்னு அடைச்ச குழாய் வேற என்ன? ராத்திரி முப்பிடாதி சொன்னா. சரின்னு பட்டுச்சு. கீழத்தெரு, மேலத்தெரு, ஒங்க தெரு எல்லாத்துலயும் முள்ளு கட்டியாச்சு."

ஆவுடை குடத்தைக் கீழே வைத்தாள். அந்த ஊர் தலைமுறை தலைமுறையாக மனுசரைத்தான் தீட்டு என்று தள்ளி வைத்திருக்கிறது. அந்த வார்த்தை எத்தனை பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது என்று இரண்டு தெருவுக்கும் தெரியும். இன்றைக்குத்தான் முதல்முறையாக அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

தெருவில் ஜனங்கள் வேலி முடிகிற இடத்தில் இருக்கும் ஆற்றுத் துறையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். நல்ல தூரம். வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. யாரும் பேசவில்லை. குடத்தோடு குடம் இடிக்காமல் விலகி நடந்தார்கள். குழாயைக் கடக்கும்போது செருப்புச் சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள். மாரியப்பன் சைக்கிளில் நாலு குடம் கட்டி உருட்டினான். கோயில்பிச்சை பின்னாலிருந்து தள்ளினான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆவுடையின் போன் அடித்தது. பொன்சிங் கிசுகிசுத்தான்.

"அக்கா, அங்க என்ன நடக்கு? எல்லாத் தெருவுலயும் கோபம் பூச்சியம்னு காட்டுது. தாரை வந்த நாள்லேருந்து இப்பிடிக் காட்டினதே இல்ல. இதுவரைக்கும் பார்த்த ஊர்லயே ரொம்ப அமைதியான ஊரு இதுதான்னு சொல்லுது. வித்யாசாகர் லட்டு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காரு."

ஆவுடை தெருவைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், ஊரே போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு கோபத்தை அவள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"பூச்சியம்னே காட்டட்டும்லே," என்றாள் குழாய்க்குக் கேட்காத குரலில். "நீ போய் லட்டு வாங்கிக் குடு."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு, காலிக் குடத்தைத் தூக்கி, சண்முகத்தாய்க்குப் பின்னால் நடந்தாள்.